வெடிப்பின் படம் அனுப்பிய கதை

செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கிறவன், அது கண் திறந்ததும் தன்னைக் கடவுள் என்று நினைத்துக்கொள்வான். நானும் நினைத்தேன். ஒரு வாரம் தாங்கியது.

மச்சான் குப்பையில் போட வைத்திருந்த லேப்டாப்பை வாங்கி இலவச மென்பொருளை ஏற்றினேன். அது ஒரு படத்தை ஒலியாக்கி வானொலியில் அனுப்பும். அந்தப் பக்கத்துக் கணினி கோடு கோடாக வரைந்து காட்டும். இலங்கையில் தெரணியகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அமெச்சூர் வானொலி உரிமம் உள்ள ஒரே ஆள், பள்ளிக்கூட மாஸ்டரான நான்தான் (கவிதை எழுதும் ஒரே ஆளும் நானே, இரண்டையும் யாரும் கேட்பதில்லை).

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. கீழே ஐந்து குடும்பங்கள். தோட்டத்து ஆபீசிலும் சொன்னோம், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலும் சொன்னோம். மழை விட்டதும் வந்து பார்ப்பார்களாம். (எங்கள் சப்ரகமுவை மாகாணத்தில் மழை விடுவதாவது!)

தோட்டத்தில் போன் சிக்னலும் போன ஒரு நாளில் என் நேரம் வந்தது. ஐந்து குடும்பங்களையும் வீட்டுக்குள் உட்கார வைத்து, யட்டியாந்தோட்டையில் கடை நடத்தும் எங்கள் வானொலிக் குழுச் செயலாளர் நானாவை (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) வானொலியில் அழைத்து, மனைவியின் போனிலிருந்து ஏற்றிய வெடிப்பின் படத்தை அனுப்பினேன். திரையில் கறுப்பு வெள்ளையில் இரண்டு மேடுகள் மெல்ல இறங்கின.

என் மனைவி செல்வி குனிந்து பார்த்தாள். "ஏங்க, அது மலை இல்லீங்க."

முந்திய வாரம் தேயிலைக்குள் வழுக்கி விழுந்தபோது, உட்காரும் இடத்தில் என்னை அட்டை கடித்தது. ரத்தம் நிற்கவில்லை. டிஸ்பென்சரியில் காட்ட அவள் போனில் எடுத்த படம் அது (நேரில் காட்ட எனக்கு வெட்கம்). நிறுத்தும் பொத்தானைக் குத்தினேன். நான் உயிர் கொடுத்த லேப்டாப் எதற்கும் அசையவில்லை. அனுப்புவதை மட்டும் விடவில்லை.

"மாஸ்டர், படம் வந்திச்சி," என்றார் நானா. "நடுவுல பெரிய வெடிப்பொண்டு தெரியுது. பக்கத்துல தண்ணியும் கசியுது. இப்பவே மண்சரிவு பாக்குற அனர்த்த நிலையத்துக்குச் சொல்றன்."

உண்மையைச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். ஐந்து குடும்பமும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தது.

"ஆமாங்க நானா," என்றேன். "கசியுதுங்க."

எத்தனையோ முறை சொல்லியும் வராதவர்கள் மறுநாள் காலையிலேயே ஜீப்பில் வந்தார்கள், படத்தை அச்செடுத்துக்கொண்டு. அசல் வெடிப்புக்குக் கூட்டிப்போனேன். அதிகாரி படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் இதைவிட மோசமாகத் தெரிந்ததே என்று சிங்களத்தில் முனகினார். வெடிப்புக்குள் கையை விட்டதும் முகம் மாறியது. அன்றே ஐந்து குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

மழை ஓய்ந்ததும் திருப்பி அனுப்பினார்கள். தருவதாகச் சொன்ன புது வீடு இன்னும் வரவில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்கினால் கச்சேரியிலிருந்து போன் தவறாமல் வரும்: கோப்பில் இருக்கும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே இடத்தில் புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

செல்வி உடனே போனைக் கையில் எடுப்பாள்.

"திரும்பி நில்லுங்க."