நாலாவது கம்பி

மூன்று மணிக்கே படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுக்குக் கம்பி வைத்தியர் வந்திருந்தார்.

அவர் மனிதர்களைத் தொடுவதில்லை. இணையம் மெதுவாக ஓடினால் கேபிளை இரண்டு விரலால் பிடிப்பார், கண்ணை மூடுவார், நோயைச் சொல்வார். மருந்து பையிலேயே இருக்கும்: கேபிளில் மாட்ட ஒரு செம்பு வளையம். விலையைக் கேட்டவர்கள் சற்று உட்கார்ந்துவிட்டு வாங்கினார்கள்.

"எங்க வீட்டுல மாட்டின மறுநாளே படம் பிச்சுக்கிட்டு ஓடிச்சு" என்றார் இரண்டாம் மாடி வக்கீல்.

உண்மைதான். மறுநாள் நீண்ட விடுமுறை தொடங்கியிருந்தது. கட்டடம் மொத்தத்துக்கும் ஒரே இணைப்பு. பங்கு கேட்கப் பாதிப் பேர் ஊரில் இல்லை. வக்கீல் அந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை.

அந்த இணைப்பு சங்கத் தலைவர் வீட்டுச் சுவர் ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்தது. தலைவர் கையில் வெட்டுக் குறடு. கண்ணாடி இழையை அறுத்துவிட்டுப் பதிலுக்கு இழுக்க, வாசலில் வைத்தியரின் செம்புக் கம்பிச் சுருள்.

"செம்பு சூட்டு உடம்பு. டிவி கேபிள் வாயு உடம்பு. கண்ணாடி இழை குளிர் உடம்பு" என்றார் வைத்தியர். "மூணையும் ஒரே ஓட்டையில விட்டா சண்டை வராதா?"

"ரெண்டு பேரை ஒரே வீட்டுல விட்டாலே வருதே" என்றாள் வக்கீலின் மனைவி.

தலைவரின் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு மணிக்கு ஒரு பள்ளிக்கு அவள் இணையத்தில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். நன்றாக நடந்தால் வேலை. இழையை அறுத்தால் பாடமே கிடையாது.

"மாமா, அந்தக் கண்ணாடி இழையிலதான் நம்ம இணையமே வருது. செம்புல மின்சாரம் ஓடும், இதுல வெளிச்சம் ஓடுது. இவ்வளவு தூரம் இந்த வேகத்தைச் செம்பு தாங்காது."

"கண்ணாடிக்குள்ள என்னம்மா ஓடும்? அவர் கையில பிடிச்சுப் பார்த்துச் சொல்றார். நீ பிடிச்சுப் பார்த்தியா?"

பிடித்துப் பார்க்கவில்லை. படித்துத்தான் இருந்தாள். அது அங்கே செல்லுபடியாகவில்லை.

"சரி மாமா, அவரே பார்க்கட்டும். ஒவ்வொண்ணாச் சொல்லட்டும். அப்புறம் அறுங்க."

சுவர் ஓட்டையிலிருந்து நான்கு கறுப்புக் கம்பிகள் இறங்கி டிவி அலமாரிக்குப் பின்னால் மறைந்தன. வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டார்.

முதல் கம்பிக்குச் சளி. இரண்டாவதற்கு மூச்சிரைப்பு. மூன்றாவதைத் தொட்டதும் கையை உதறினார்.

"ஐஸ்! கட்டடத்தையே கெடுக்கறது இதுதான். அறுங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றாள் மருமகள்.

நாலாவதைப் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! இதுதான் ராஜா. சுத்தச் செம்பு. தகவல் வெள்ளமாப் போகுது, கை கூசுது. இதை மட்டும் வெச்சுக்குங்க."

வக்கீல் ஓடிவந்து பிடித்தார். அவருக்கும் கூசியது. அவர் மனைவிக்குத் தோள்வரை ஏறியது. தலைவர் வெட்டுக் குறட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் பிடித்தார்.

"அதிருதுய்யா!"

மருமகள் போய் பால்கனிக் கதவைத் திறந்தாள்.

ஓட்டையின் மறுபக்கம் மூன்று கம்பிகள் சுவரோடு கீழே இறங்கின. நாலாவது இறங்கவில்லை. பால்கனியின் குறுக்கே போய்க் கிராதியில் முடிச்சுப் போட்டு நின்றது. அதில் கிளிப் மாட்டித் தலைவரின் இரண்டு பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன. கறுப்பு பிளாஸ்டிக் துணிக்கொடியின் மறுநுனியை அவள் காலையிலேயே ஓட்டைக்குள் விட்டிருந்தாள்.

முதலில் சிரித்தது வக்கீலின் மனைவி. பிறகு படிக்கட்டு வரை சிரிப்பு போயிற்று. எந்தக் கம்பியும் அத்தனை வேகமாகக் கடத்தியிருக்காது.

வைத்தியர் பையைத் தோளில் மாட்டினார். "இன்னொரு வீட்டுல அவசரக் கேஸ்."

"சுருளையும் எடுத்துட்டுப் போங்க, தடுக்குது" என்றாள் மருமகள்.

தலைவர் வெட்டுக் குறட்டைச் சட்டைப் பைக்குள் திணித்தார். அது உள்ளே போகவில்லை.

"மாமா, நாலு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. இத்தனை பேர் பிடிச்சுப் பார்த்தீங்களே, இதோட மறுமுனை எங்க போகுதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"