சாணிக் குவியலில் நட்ட சரித்திரம்

வரலாற்றுப் பலகை பனிக்குள் குப்புறக் கிடந்தது. மெர்வின் பனி தள்ளும் வண்டியை விட்டு இறங்கி வந்து சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, சாலையில் ஈ காக்கை இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே இரண்டு வீட்டுத் தபால் பெட்டிகளை அவன் சாய்த்திருந்தான்.

"இன்னும் ஒண்ணு விழட்டும், சாவியப் பிடுங்கிட்டு மண்வெட்டியக் குடுத்துருவேன்" என்று சாலை மேற்பார்வையாளர் எல்வுட் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டிதான் மெர்வினுக்கு உயிர். பென்சில்வேனியா மலைச்சாலையில் பனி கொட்டும் நாளில் அதை ஓட்டுகிறவனுக்கு வீட்டுக்கு வீடு ராஜ மரியாதை. மண்வெட்டிக்காரனை எவன் திரும்பிப் பார்ப்பான்?

விழுந்திருந்ததோ அரசாங்கப் பலகை. புரட்டினால், 'காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் 1824-ல் இவ்விடத்தில் உலை மூட்டி இரும்பு உருக்கினார்கள்' என்று பொன்னிற எழுத்தில் மின்னியது. கம்பத்தின் அடி முறிந்து காங்கிரீட்டிலேயே தங்கிவிட்டதால், வேறு குழி தோண்ட வேண்டும். ஜனவரி மாதத்து மண்ணில் கடப்பாரையைப் போட்டான். பொறி பறந்ததே தவிர, மண் அசையவில்லை.

பலகையை வண்டியில் போட்டுக்கொண்டு, சாலையோரமாகக் குத்திக் குத்திப் பார்த்தபடியே போனான். அரை மைல் தள்ளி லவேர்ன் அக்காவின் மாட்டுக் கொட்டகை. அதன் பக்கத்தில் ஆவி பறக்கும் சாணிக் குவியல். அங்கே கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பனி உருகும் வரைக்கும் இருக்கட்டும் என்று நட்டுவிட்டான்.

"ஏண்டா மெர்வின், என் சாணியில என்னத்தடா நடுற?" லவேர்ன் வாளியோடு வந்து நின்றாள்.

"மேலிடத்து உத்தரவுக்கா. மறுபடி அளந்து பாத்தாங்களாம். உலை இருந்தது இங்கதானாம்."

"எங்க வீட்டுலயா!"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் லவேர்ன் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அடுத்த சனிக்கிழமை குவியலைச் சுற்றி ஒன்பது கார்கள் நின்றன. வந்தவர்களுக்கெல்லாம் லவேர்ன் ஆப்பிள் கேக் கொடுத்தாள்.

ஒரு பெரியவர் குவியல் மேல் கையை நீட்டிப் பார்த்தார். "அடியே, இங்க வா! இருநூறு வருஷமாச்சு, இன்னும் சூடு ஆறல பாரு!"

அவர் மனைவி கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

காரை யாரும் நிறுத்தக் கூடாது என்று மெர்வின் குவியலைச் சுற்றி நாலு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தான். அதுவே வினையாகப் போயிற்று. 'இரும்பு உலையில் அகழாய்வு தொடக்கம்' என்று உள்ளூர்ப் பத்திரிகை படத்தோடு போட்டது.

அதைப் படித்துவிட்டுக் கல்லூரியிலிருந்து டாக்டர் வினிஃப்ரெட் வந்து இறங்கினார். சரித்திரப் பேராசிரியை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஆறு கோடைக்காலம் பழைய எடத்துல முட்டி தேயத் தோண்டிருக்கேன் நான். முந்நூறு பன்னி எலும்பு எடுத்தேன். உலைக்காரங்க வேளா வேளைக்குப் பன்னிக்கறிதான் தின்னாங்கன்னு புத்தகமே போட்டாச்சு! இப்ப எடம் அது இல்லன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?"

கூம்புகளைச் சரிசெய்துகொண்டிருந்த மெர்வின் பக்கம் லவேர்ன் விரலை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா எல்வுட்டின் வண்டி வந்து நிற்க வேண்டும்! பலகை, கூம்பு, குவியல், கடைசியாக மெர்வின் என்று எல்லாவற்றையும் அவர் நிதானமாகப் பார்த்தார். மெர்வினுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல மேடம், சின்ன கோளாறு" என்றார் எல்வுட். "பலகை நாளைக்கே பழைய எடத்துக்குப் போயிரும். உங்க புத்தகத்துல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

"அப்படின்னா சரி" என்று பேராசிரியை காரில் ஏறிப் போனார். லவேர்ன் கேக் தட்டை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடியே உள்ளே போய்விட்டாள்.

"ஏறுடா வண்டியில."

ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் மெர்வின் சாவியை எடுத்து நீட்டினான்.

"பலகைய நான்தான் இடிச்சேண்ணே. மண்ணு கல்லா இருந்துச்சு, அந்தக் குவியல்லதான் கடப்பாரை எறங்குச்சு. மண்வெட்டிய எப்ப வந்து வாங்கிக்க?"

எல்வுட் சாவியை வாங்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"உள்ள வைடா அத. எழுபத்தெட்டுல இதே பலகைய நான் இடிச்சுச் சாய்ச்சப்ப, மண்ணு எளகி இருந்த ஒரே எடம் எங்க மாமாவோட பன்னிப் பட்டிதான்."