பளிங்குக் குண்டுச் சாமியும் ஃபாயில் சுற்றிய பாட்டில்களும்

வைட்ஃபீல்டில் இருந்த அந்த உயிரியல் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் அலைமோதியது. ஐஸ் பெட்டியும் கையுமாக மெட்ரோவில் வந்து இறங்கியவர்கள் யார்? முனைவர்கள், முனைவராகப் போகிறவர்கள். எதைத் தரிசிக்க? சந்தானம் சாமி நூலில் கட்டித் தொங்கவிடும் பளிங்குக் குண்டை. பாட்டிலுக்கு மேல் அது வட்டமடித்தால் உள்ளே வளர்வதற்கு ஜீவன் உண்டு, கட்டுரை அச்சேறும். அசையாவிட்டால் தோஷம், கொட்டிவிட வேண்டும். கட்டுரையைத் திருப்பியனுப்பும் மதிப்பீட்டாளரின் திருஷ்டிக்குத் தனி எலுமிச்சை, தனி தட்சிணை. மைக்ராஸ்கோப்புக்குக் குங்குமம் இலவசம்!

நீலசந்திராவிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ரூபினிக்கு வயிறு எரிந்தது. வருடக்கணக்கில் அவள் கண்ணும் கருத்துமாக வளர்த்த ஈஸ்ட்டுக்குத் தோஷமாம். திங்கட்கிழமை கொட்டச் சொல்லிவிட்டார் கூடத்தின் தலைவர் ரங்கநாதன். கொட்டினால் அவள் பட்டமும் சாக்கடையில்தான்.

ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். தலைவர் முகம் மலர்ந்தால் குண்டு சுற்றியது, சுளித்தால் நின்றது. உள்ளே இருப்பது என்னவென்று சோதிக்கிறவருக்கும் தெரியக்கூடாது, எடுத்துக் கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாது என்று ஆராய்ச்சி முறை வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. அந்த வகுப்பை எடுத்த புண்ணியவானும் ரங்கநாதன்தான்.

மறுநாள் சனிக்கிழமை, முந்தின நாள் முறை வராத கூட்டத்துக்காகச் சாமி மறுபடி வந்தபோது, ஃபாயில் சுற்றிய பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு ரங்கநாதனிடம் திரும்பினாள்.

"சார், நீங்களே ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க. உள்ள என்னன்னு உங்களுக்கும் தெரிய வேணாம். என் மூஞ்சியும் இங்க வேணாம், வெளிய நிக்கிறேன்."

கூட்டத்தின் முன்னால் சாமியால் மறுக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்ற ரூபினிக்குக் குரல் மட்டும் கேட்டது. முதல் பாட்டிலுக்குத் தோஷம். அடுத்ததில் ஜீவன் பொங்குகிறது. அதற்கடுத்தது மறுபடி தோஷம். கடைசிப் பாட்டிலுக்கு வெளிநாட்டுப் பரிசு யோகமே இருக்கிறதாம்!

அவள் உள்ளே வந்து எல்லாவற்றையும் திறந்தாள். கூடம் முழுக்கக் கமகமத்தது.

"எல்லாம் ஒரே பாத்திரத்துல இருந்து ஊத்துனது சார். எங்க வீட்டு மிளகு ரசம்."

சிரிப்பில் ஐஸ் பெட்டிகள் உருண்டன. ஃபாயில் சக்தியைத் தடுத்துவிட்டது என்று சாமி சமாளித்தார்.

"அப்போ பரிசு யோகம் மட்டும் எப்படி சாமி தெரிஞ்சுது?" என்றாள் ரூபினி.

சாமி குண்டைச் சுருட்டிக்கொண்டு லிஃப்டைத் தேடினார். ரங்கநாதன் யார் முகத்தையும் பார்க்காமல் ரூபினியின் ஈஸ்ட்டைத் தம் கையாலேயே பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

படித்த பெருமக்களே, எலிக்கு ஊசி போடுமுன் நூறு கேள்வி கேட்கிறீர்கள். சாமிக்குத் தட்சிணை போடுமுன் ஒன்றே ஒன்று கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?