அஞ்சடியாரின் ஆட்சேபம்

தன் வீட்டுச் சுவரில் அடித்த பெயின்ட் காய்வதற்குள், இந்தத் தெருவில் இனி வேறு யாரும் வீடு கட்டக் கூடாது என்று முடிவுக்கு வந்துவிடுகிற ஓர் இனம் மனிதர்களுக்குள் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்கு யார்மீதும் விரோதம் கிடையாது. அதை அவரே சொல்வார். "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல, ஆனா..." என்று தொடங்குவார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் காற்று வரும், வெளிச்சம் வரும், சாக்கடை வரும், தெருவின் அமைதி வரும், வருங்காலச் சந்ததிகூட வரும். வீடு மட்டும் வராது.

இந்த இனத்தில் பழுதில்லாத எடுத்துக்காட்டு ஒருவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் அஞ்சடியார். ஏதோ பக்திமான் போலிருக்கிறது என்று கும்பிட்டுவிடாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் கட்டப்படும் எந்த வீடும் பக்கத்து மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும் என்று நகராட்சியில் ஒரு விதி இருக்கிறது. அந்த ஐந்தடிக்கு அவர் செய்த தொண்டுக்குக் கிடைத்த பட்டம் அது.

தொண்டென்றால் சாதாரணத் தொண்டா? சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளக்கும் டேப் இருக்கும். சலவைக் கடைக்காரர் வீட்டு மாடிப்படி மதிலைப் பார்த்து நாலு விரல்கடை நகர்ந்தபோது மனுப் போட்டு அதை நிறுத்தி, தட்டச்சு வகுப்பு நடத்தும் அம்மாள் மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரை இழுத்தபோது அதை மடக்க வைத்து, அந்த அம்மாள் நனைந்துகொண்டே வகுப்புக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டு, இப்படி ஒரு நாளும் ஓயாமல் உழைத்தவர். அந்தத் தெருவுக்குக் கடைசியாகக் குடிவந்தவர் அவர்தான். பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அங்கே ஒரு செங்கல் விழவில்லை.

அவர் வீடு பதினேழாம் எண். பக்கத்தில் பதினெட்டு காலி மனை. அதை ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் வாங்கினார்.

டிரைவர் தன் மனைவியோடும் இரட்டைப் பெண் குழந்தைகளோடும் வண்டி பழுது பார்க்கும் பட்டறைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து பகலில் கண்ணை மூடினால் கீழே சுத்தியல் சத்தம். குழந்தைகள் பாட்டைக்கூட ரகசியமாய்ப் பாடப் பழகியிருந்தார்கள். வாங்கிய மனைக்கு அகலம் இருபத்திரண்டு அடி. இரண்டு பக்கமும் ஐந்தைந்து விட்டால் மிஞ்சுவது பன்னிரண்டு. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அதனால் பக்கத்துக்கு மூன்றடி மட்டும் விட்டுக் கட்ட விதித் தளர்வு கேட்டு விண்ணப்பித்தார். நகராட்சி கொடுக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்தார் முப்பது நாளைக்குள் ஆட்சேபித்தால் விசாரணை நடத்த வேண்டும்.

மறைத்துச் செய்கிற ஆள் இல்லை டிரைவர். நேரே வந்து அஞ்சடியார் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். அஞ்சடியார் உட்கார வைத்தார், மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குழந்தைகள் எந்த வகுப்பு என்று விசாரித்தார்.

"மூணடின்னா இன்னொரு ரூம் கெடைக்கும் சார். உங்க ஜன்னலுக்கு நேரா நாங்க ஜன்னல் வைக்க மாட்டோம்."

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அஞ்சடியார். மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

டிரைவரின் தலை மறைந்ததும் அஞ்சடியார் நேரே போனது சுருக்கெழுத்தர் வீட்டுக்கு. கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர், தெருச் சங்கத்தின் செயலாளர். ஆட்சேப மனு வேண்டுமென்றால் யோசிக்கவே ஒரு வாரம் கேட்பார் என்று அஞ்சடியார் நினைத்திருந்தார். அவரோ அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆற்றொழுக்காகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அஞ்சடியார் பிரமித்துப்போய் எழுதிக்கொண்டார். அனுபவம் என்றால் இதுவல்லவா?

பதினான்கு கையெழுத்து விழுந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மட்டும் மனுவைப் படித்துவிட்டு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாள். நகராட்சி அலுவலகத்தில் பின்பக்கத்து அறை. ஆட வேண்டாம் என்று ஒரு மேசைக்கால் அடியில் மடித்த காகிதம், சுவரோரம் இடுப்புயரத்துக்குக் கோப்புக் கட்டுகள். திட்ட அலுவலர் ஒரு பெண்மணி. காகிதத்தை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். இவருக்குக் கண்ணாடி பவர் ப்ளஸ் இரண்டாவது வேண்டுமே, போட்டிருப்பது ஒன்றைத் தாண்டாது என்று அஞ்சடியாரின் தொழில் மனம் கணக்குப் போட்டது. பெஞ்சின் ஒரு முனையில் டிரைவர் சீருடையோடு, பக்கத்தில் மனைவி. மறுமுனையில் அஞ்சடியார், சுருக்கெழுத்தர், பின்னால் தெரு.

அலுவலர் கோப்புக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி வாசித்தார். இத்தெருவின் அமைதிக்குப் பழக்கமில்லாதவர்கள் குடிவருவதால் ஏற்படும் சங்கடங்கள். அஞ்சடியார் தலையாட்டினார். காற்றும் வெளிச்சமும் தடைபடுதல். ஆட்டினார். இன்னொரு குடும்பத்தைத் தாங்கச் சாக்கடைக்குச் சக்தியில்லை. "அதுல ஒரு எழுத்து தப்பில்ல மேடம்" என்று நடுவில் எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அலுவலர் தொடர்ந்தார்:

"மேலும் விண்ணப்பதாரர் மூக்குக்கண்ணாடி வியாபாரி என்பதால், வாடிக்கையாளர்கள் வீடு தேடி வந்து தெருவில் நெரிசல் உண்டாகும் என்றும் அஞ்சுகிறோம்."

பாதி ஆடிய தலை அப்படியே நின்றது.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "அது பழைய மனும்மா. பதினேழாம் நம்பர் கட்டும்போது குடுத்தது. ரெண்டு மனையும் ஒட்டி இருக்கறதால ஒரே கட்டுல கெடக்கு."

அஞ்சடியார் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். எழுத்து சுருக்கெழுத்தருடையது. கீழே கையெழுத்துகள்: சலவைக் கடை, தட்டச்சு, தையல்கார அக்கா. இன்றைக்குத் தனக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் அச்சாக அதில் இருந்தது. குடிவந்த முதல் நாள் சுருக்கெழுத்தர் கையைப் பிடித்து "வாங்க வாங்க" என்று உள்ளே அழைத்தது, தெருவே திரண்டு சாமான் இறக்கியது எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓடியது. மெதுவாகத் திரும்பினார்.

சுருக்கெழுத்தர் கொஞ்சமும் கூசவில்லை. "அது அப்போ சார். அப்ப உங்கள யாருன்னே தெரியாது. இப்ப நீங்க நம்ம ஆளு."

நியாயமாகப் பார்த்தால் ஒரு மனிதனுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தும் விட்டது, தொண்டைவரை. ஆனால் 'நம்ம ஆளு' என்ற சொல் இருக்கிறதே, அது போய் நெஞ்சில் இறங்கி வெண்ணெயாய் உருகிவிட்டது. அஞ்சடியார் அலுவலரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். அது வேறு விஷயம், பழகிய பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் இப்போது வருபவர்களோடு தெருவுக்குப் பழக்கமில்லையே என்றார்.

அதுவரை வாய் திறக்காத டிரைவர் எழுந்தார். "பழக எவ்வளவு நாளாகும் சார்? அதுவரைக்கும் நாங்க எங்க இருக்கறது?"

அலுவலர் பழைய கோப்பைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அன்றைய அதிகாரி விண்ணப்பதாரரைக்கூடக் கூப்பிடாமல் தெருவின் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டுப் பதினேழாம் எண்ணுக்கு மூன்றடித் தளர்வு கொடுத்திருந்தார். ஆமாம், அஞ்சடியார் வீட்டுக்கு இருப்பதே மூன்றடிதான். அவரே மறந்துவிட்டதை நாம் முந்திக்கொண்டு சொல்வானேன் என்றுதான் விட்டு வைத்திருந்தது.

"அதே விதி, அதே தெரு, அதே மனு" என்றார் அலுவலர். "நான் மட்டும் வேற என்ன எழுத?" அனுமதி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு வந்த அஞ்சடியார் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். "தையல்கார அக்கா அந்த வருஷமே சொல்லிட்டாங்க. அழுதுட்டே சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்தப் பதினோரு வருஷமும் நீங்க இங்க யார்கூடவும் பேசியிருக்க மாட்டீங்க. நானும் பேச முடியாது." மடித்த துணியை அடுக்கினாள். "போய் அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை நல்லதா பேசிட்டு வாங்க."

அவர் போகவில்லை. ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு எழும்பியது. கொத்தனார் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அஞ்சடியார் டேப் பிடித்தார். மூன்றடி அரை அங்குலம். அந்த அரை அங்குலம் அவரை மிகவும் வருத்தியது. அது கூடாமல் குறைந்திருந்தால் ஒரு மனுப் போட்டிருக்கலாம். டிரைவர் குடும்பம் வந்தது. குழந்தைகள் வாய்விட்டுப் பாடின. டிரைவர் பகலில் தூங்கினார். அஞ்சடியாரின் மனைவி கொடி கட்டும் சாக்கில் மதிலருகே போனால் திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று. சாக்கடை தாங்கியது.

ஆறு மாதம் கழித்துத் தெருக்கோடியில் பாழடைந்து கிடந்த கிடங்கை இடித்துவிட்டு இரண்டு சின்ன வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. சுருக்கெழுத்தர் நோட்டை எடுத்தார். கையெழுத்து வாங்கும் பொறுப்பு வழக்கம்போல அஞ்சடியாருக்கு. முதலில் பதினெட்டாம் எண்ணுக்குத்தான் போனார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பெருந்தன்மை. பழசையெல்லாம் மறந்து ஒருவனைத் தெருவில் சேர்த்துக்கொள்ள இதைவிடக் கௌரவமான வழி உண்டா?

டிரைவர் மனுவை வாசலில் நின்றே முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அவங்க வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா சார்? எங்க ரெண்டும் வெளையாட வேற ஆள் இல்லாம ஒண்ணையொண்ணு அடிச்சிக்குது."

அஞ்சடியாருக்குத் தெரியவில்லை. மனுவில் அந்த விவரம் இல்லை. கையெழுத்து விழாத வெற்றுக்கோட்டோடு திரும்பியவர் மனைவியிடம் ஆற்றாமையோடு சொன்னார்: "எவ்வளவு நாளானாலும் சில பேர் இந்தத் தெருவோட ஒட்டவே மாட்டாங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கே உங்கள் பக்கத்து மனையில் யாரோ ஒருவர் வந்து நாலு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டுவார். நீங்களும் ஜன்னல் திரையை லேசாக ஒதுக்கிப் பார்ப்பீர்கள். பார்ப்பதில் தப்பில்லை. எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கிறீர்களா, எத்தனை அடி விடுகிறார்கள் என்று பார்க்கிறீர்களா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது, குச்சி நடுகிறவருக்கு நன்றாகவே தெரியும்.