சூடாகாத கம்பியும் இலத்திரன் அண்ணையும்

கொழும்பு வெள்ளவத்தையில் கவலை இல்லாத மனிதர் கிடையாது. ஒருவருக்கு விசா வரவில்லை, ஒருவருக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, இன்னொருவருக்குப் பிள்ளையின் டியூஷன் மாஸ்டர் சரியில்லை. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு கம்பி சூடாகவில்லையே என்று வருடக்கணக்கில் கவலைப்பட்ட மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் என் பக்கத்து அறையில் இருந்தது என் தலையெழுத்து.

கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒரு லேனில், மூன்றாம் மாடியில், பவளமக்கா என்ற அம்மா நடத்திய போர்டிங் அது. ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை. நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், சாரம் கட்டிய ஒருவர் என் அறைக்குள் வந்து பெட்டியை வைக்கவும் விடாமல் கேட்டார்.

“தம்பி, நீர் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தனீரோ?”

“இல்லையண்ணை.”

“நல்லது. நல்ல பிள்ளையாய் இருக்கிறீர்.”

அவர்தான் இலத்திரன் அண்ணை. உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கு வரும் கடிதங்களில் முன்னெழுத்துகளே அரை வரிக்கு ஓடும். அதற்குப் பிறகு பெயரைப் படிக்கத் தபால்காரருக்கே பொறுமை இருக்காது.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று கேட்கும் தவறை நானும் செய்தேன். நாலைந்து அணு தடிப்புள்ள ஒரு தங்கக் கம்பி. அதற்குள் மின்சாரம் பாய்கிறது. மின்சாரம் என்பது எலக்ட்ரான் என்கிற இலத்திரன்கள் ஓடுவது. ஓடும் வழியில் அயன்கள், அதாவது இலத்திரனைப் பறிகொடுத்த அணுக்கள், வரிசையாக நிற்கின்றன. மற்றவர்கள் கணக்கு வசதிக்காக அணுக்களை ஆணியடித்து வைத்துவிட்டு இலத்திரனை மட்டும் ஓடவிடுவார்களாம். அண்ணைக்கு அது அநியாயமாகப் பட்டது.

“ஓடுறவனும் அசையிறான், நிக்கிறவனும் அசையிறான். ரெண்டையும் சேர்த்தெல்லோ பாக்கவேணும்?” என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு நான்கு வருடம் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

சேர்த்துப் பார்ப்பதற்கு அவர் அறையில் மூன்று பழைய கணினிகள் இராப்பகலாக ஓடின. அறைக்குள் கால் வைத்தால் வெதுப்பகத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் பவளமக்கா மோர்மிளகாயைச் சுளகில் பரப்பிக் கொண்டுவந்து அந்தப் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டுப் போவார். இரண்டே நாளில் மிளகாய் கலகலவென்று காய்ந்துவிடும். அவ்வளவு சூட்டைக் கக்கிக்கொண்டு அந்த மெஷின்கள் சொன்ன விடை என்ன தெரியுமா? கம்பி சூடாகவில்லை.

அங்கேதான் அவருடைய பிரச்சினை. நிஜக் கம்பியில் மின்சாரம் போனால் சூடாகும். இது தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அண்ணையின் கம்பி மட்டும் எத்தனை தரம் மின்சாரத்தைப் பாய்ச்சினாலும் குளிர்ந்துபோய்க் கிடந்தது. எங்கே பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னும் இரண்டு மாதம், அதற்குள் கம்பி சூடாகாவிட்டால் பதிவு ரத்து, இனி நீடிப்பு இல்லை. இத்தனை வருட உழைப்பும் மோர்மிளகாய் காயவைத்ததோடு முடிந்துவிடும்.

அந்த இரண்டு மாதத்தில் அவர் கண்ட இடத்திலெல்லாம் பிழையைத் தேடத் தொடங்கினார். எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் சனம் கடக்கும் மஞ்சள் கோட்டருகே கொப்பியும் கையுமாக நின்று, யார் யாரை இடிக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொலிஸ்காரர் வந்து, “மொனவத மஹத்தயா கரன்னே?” என்று விசாரித்தார். என்ன செய்கிறீர்கள் ஐயா என்று அவர் கேட்டது கடமைக்காக. அண்ணை அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, தெரிந்த சிங்களமெல்லாம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். கடைசியில் பொலிஸ்காரரே வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் முறை வந்தது. அறைகளிலிருந்து குளியலறைக்குப் போகும் நடைவழி ஒடுங்கலானது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்க வேண்டும். அண்ணை அதைக் கம்பி என்று அறிவித்தார். நான்கு பேர் அணுக்கள். இடைவெளி விட்டு வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் இடுப்புகளைச் சாரி உள்பாவாடைக்குப் போடும் இலாஸ்டிக்கால் ஒருவரோடு ஒருவராக இணைத்தார். மற்ற நான்கு பேரும் இலத்திரன்கள்.

நான் இரண்டாவது அணு. என் பக்கத்து அணு ராஜா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காலி வீதியில் சாரிக் கடையில் வேலை செய்தவன். அவன் கக்கத்தில் அண்ணை காய்ச்சல் பார்க்கும் தேர்மாமீற்றரைச் செருகினார்.

“என்னாண்ணே இது, எனக்கு ஒண்ணும் இல்லியே.”

“நீர் அணு. அணு கதைக்காது.”

இலத்திரன்களுக்கு அவர் கொடுத்த கட்டளை, “எல்லாரும் ஒரே சீராய், சராசரியாய் நடவுங்கோ” என்பது. நாலு பேரும் ஊர்வலம் போவதுபோல் பதவிசாக எங்களை உரசிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அண்ணை தேர்மாமீற்றரை எடுத்துப் பார்த்தார். ராஜா சாதாரணமாக இருந்தான்.

“பாத்தீங்களே? சூடாகேல்லை. என்ர கம்பியும் இப்பிடித்தான்” என்று பெருமூச்சு விட்டு அதைத் திரும்பவும் செருகினார்.

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து பவளமக்காவின் குரல் வந்தது. “தம்பியவை, தண்ணி வந்திட்டுது.”

கட்டடத்து மோட்டார் பழுதாகியிருந்த காலம். தண்ணீர் காலையில் அரைமணி நேரம்தான். இலத்திரன்கள் நாலும் அறைக்குள் பாய்ந்து வாளிகளோடு வெளியே வந்தன. முதலில் வந்த மட்டக்களப்பு வங்கிக்காரரின் வாளி ராஜாவின் முழங்காலில் இடித்தது. அடுத்தவர் தோளில் மோதினார். மூன்றாமவர் காலை மிதித்தார். ஓட வழியில்லை, இலாஸ்டிக் பிடித்து இழுத்தது. அவன் ஆட நானும் ஆடினேன், நான் ஆட மற்ற அணுக்களும் ஆடின. நாலாவது வாளி அதே முழங்காலைத் தேடி வந்தபோது ராஜா வெடித்தான்.

“யோவ், மனுசன் நிக்கிறது கண்ணு தெரியலியா? ஒருத்தன் தப்பாம வந்து இடிக்கிறீங்க.” அதற்கு மேல் அவன் சொன்னவை பத்திரிகையில் வராது.

அண்ணை ஓடிப்போய்த் தேர்மாமீற்றரை உருவினார். அது உண்மையிலேயே ஏறியிருந்ததா என்பதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் சிந்திய தண்ணீரில் நனைந்தபடி நடைவழி நடுவே அவர் நின்ற நிலை எனக்கு மறக்காது.

“சராசரி,” என்றார் மெதுவாக. “நான் அணுவுக்குச் சராசரிச் சனத்தைத்தான் காட்டியிருக்கிறன். சராசரிச் சனத்தோட ஆருக்கும் கோவம் வராது. ஒரு ஆள் வரவேணும், ஒரு வாளி இடிக்கவேணும். பிறகு இன்னொரு ஆள், இன்னொரு வாளி. அப்பதான் சூடு வரும்.”

பிழை அதுதான். அவருடைய கணக்கில் இலத்திரன்கள் ஒன்றாகக் கரைந்த ஒரு மொத்தமாக அணுக்களின் மேல் வருடிக்கொண்டு போயின. தனித்தனி இடி ஒன்றும் அணுவுக்கு எட்டவில்லை. ராஜா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, அண்ணை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

தனித்தனி இடியைக் கணக்குக்குள் கொண்டுவந்து எழுதி முடித்தபோது பேராசிரியரின் தவணைக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் மிச்சம். கணக்கு ஓடி முடிய பதினொரு நாள் வேண்டும். இடையில் நின்றால் முதலிலிருந்து.

“இடையில சேமிச்சு வைக்கேலாதோ அண்ணை?”

“ஏலும். அதை எழுத ரெண்டு கிழமை வேணும்.”

மூன்று கணினிகளும் முழுமூச்சாக ஓடும்போது யாராவது இஸ்திரிப் பெட்டியையோ கேத்தலையோ போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும். யூபிஎஸ் என்று ஒரு பெட்டி இருந்தது. கீச்சிடுவதோடு தன் கடமை முடிந்தது என்று அது நினைத்தது. பவளமக்கா நிலைமையைக் கையில் எடுத்தார். எல்லாப் பிளக்கிலும் கடதாசி ஒட்டினார். கிறைண்டருக்கு விடுமுறை, தோசைக்கும் விடுமுறை. இஸ்திரிப் பெட்டியைத் தன் நகைகளோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். அதுவரை அண்ணையைக் கேலி செய்த நாங்கள் எட்டு நாள் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனோம்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. அன்றைக்கு ராஜாவைப் பார்க்கப் பெண் வீட்டார் ஜிந்துப்பிட்டியில் அவன் அத்தை வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே லோண்டரியில் எடுத்துவைத்த வெள்ளைச் சட்டையில் வங்கிக்காரர் மீன்குழம்பைக் கொட்டிவிட்டார். கழுவிக் காயவைத்த சட்டை முறுக்கிப் பிழிந்த துவாய்த் துண்டுபோல் கிடந்தது. லோண்டரி பூட்டு. கீழ்வீட்டுக்காரர்கள் கண்டிக்குப் போயிருந்தார்கள்.

ராஜா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றான், அவ்வளவுதான். அண்ணை எட்டிப் பார்த்தார்.

“எத்தினை மணிக்குப் போகவேணும் தம்பி?”

“ரெண்டு மணிக்கு அண்ணே. நீங்க வேலையப் பாருங்க.”

அண்ணை உள்ளே போனார். ஏதோ சந்தேகப்பட்டு நானும் பின்னால் போனேன். அவர் விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது.

“என்ன செய்யிறியள்?”

“நிப்பாட்டப் போறன். அஞ்சு நிமிஷம் அவன்ர சட்டையைத் தேய்க்கட்டும்.”

“ஒன்பது நாள் அண்ணை. திரும்ப ஓட்ட நாள் காணாதெல்லோ.”

“தெரியும். கம்பி எப்பவாவது ஆரின்ரயோ கணக்கில சூடாகும். பொம்பிளை வீட்டார் திரும்ப வருவினமோ?”

அந்தப் பதிவு போனால் அவருக்கு வேறு ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் ராஜா வந்து அவர் கையைப் பிடித்துவிட்டான்.

“வேணாண்ணே. அப்ப நான் முழங்கால்ல வாங்கின அடியெல்லாம் வீணா?”

பவளமக்காதான் வழி கண்டுபிடித்தார். காஸ் அடுப்பில் சட்டி நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்தச் சட்டியாலேயே சட்டையை மேசைமேல் தேய்த்தார். சுருக்கமெல்லாம் போனது. சட்டியின் அடிக்கரி முதுகில் முழு வட்டமாகப் பதிந்தது. மாற்றுச் சட்டைக்கு நேரமில்லை.

ஜிந்துப்பிட்டியில் ராஜா இரண்டு மணி நேரமும் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறான். தேத்தண்ணீர் எடுக்கப் போனபோதும் முன்பக்கத்தைக் காட்டியபடியே பின்னால் நடந்து போயிருக்கிறான். பெண்ணின் தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். “பெரியவங்களுக்கு முதுகு காட்டாத பிள்ளைய இந்தக் காலத்துல எங்க பாக்குறது” என்று சொல்லி அங்கேயே சம்மதம் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல். நான் காலி வீதியில் ஓர் அச்சகத்தில், யன்னலோர மேசையில் அச்சுப்பிழை பார்த்து ஒப்புநோக்கிக்கொண்டிருந்தேன். இலத்திரன் அண்ணை சாரத்தோடும் செருப்பில்லாத காலோடும் நடைபாதையில் விரைந்து போவதைக் கண்டேன். மெஷின் பற்றிக்கொண்டது என்றே நினைத்து எழுந்து பின்னால் ஓடினேன்.

அவர் நேரே சாரிக் கடைக்குள் நுழைந்தார். ராஜா ஒரு சிங்களப் பெண்மணிக்குச் சாரியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணைக்கு மூச்சு வாங்கியது.

“தம்பி, சூடாயிட்டுது.”

ராஜா சாரியைக் கீழே போட்டான். “எவ்வளவுண்ணே?”

“ஒரு பாகை கூட இல்லை. ஆனா சூடாயிட்டுது.”

இரண்டு பேரும் விரித்த சாரிகளுக்கு நடுவே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அண்ணை அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண்மணி ஒன்றும் விளங்காமல், “பபெக் ஹம்புணாத?” என்று கேட்டார். குழந்தை பிறந்ததா என்று அர்த்தம்.

“ஒவ் நோனா” என்றான் ராஜா, ஆமாம் என்று.

பட்டம் கிடைத்தது. அண்ணை இப்போது ஏதோ ஒரு குளிர் தேசத்தில் படிப்பிக்கிறார். சொந்தமாக இஸ்திரிப் பெட்டி வாங்கியிருக்கிறாராம். எல்லாம் சந்தோஷமான சங்கதிதான். ஆனால் போர்டிங்கிலிருந்து சாரிக் கடைக்குப் போக என் அச்சகத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நான்கு வருடம் பக்கத்து அறையில் இருந்து தலையாட்டியவன் நான். யன்னலும் திறந்துதான் இருந்தது. அந்தச் செய்தியை முதலில் எனக்குச் சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.