சம்பளம் விசாரிக்கப் போன லோரீன்

"வாயத் தெறக்காதீங்க. பிரஷர் பாக்கறப்ப பேசினா அளவு ஏறிடும்" என்றாள் டானெட்.

லோரீன் வாயை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் அவள் இந்த கிளினிக்குக்கு வந்ததே. கேட்க வேண்டிய ஆளோ, இப்போது அவள் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும் இந்த டானெட்தான்.

மருத்துவ உதவியாளர் வேலைக்கு நிஜத்தில் என்ன சம்பளம்? அவ்வளவுதான் கேள்வி. டொலிடோ நகரின் சாலையோர ஓட்டல் ஒன்றில், ஈரி ஏரியையே நிரப்புகிற அளவுக்குக் காப்பி ஊற்றி ஓய்ந்தவள் லோரீன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூட்டம் டிப்ஸுக்குப் பதிலாக ஜெபத்தை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து, உதவியாளர் சான்றிதழ் படித்துவிடலாம் என்று முடிவுகட்டியிருந்தாள். ஒன்பது மாதப் படிப்பு. கட்டணம் ஆறாயிரம் டாலர்; சேர்த்து வைத்த காசு முழுக்க அதற்கே சரி. பயிற்சிப் பள்ளிக்காரி சொன்ன சம்பளத்தைக் கேட்டால் டாக்டர்களே வேலையை உதறிவிட்டு உதவியாளராகச் சேர்ந்துவிடுவார்கள்.

கணவன் டுவேன்தான் குறுக்கே விழுந்தான்.

"பழைய கார் விக்கறவன்கிட்டயே போய் வண்டி ஓடுமான்னு கேட்டுட்டு வந்திருக்க. அந்த வேலைய பாக்கறவளக் கேளு."

"அவள எங்க போய் பிடிக்கறது?"

"கிளினிக்ல. முதுகு வலின்னு சொல்லிட்டுப் போ. முதுகுக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

அப்படித்தான் வந்தாள். ஆனால் பொய் சொல்லிப் பழகாத நெஞ்சு சரக்கு ரயில் மாதிரி தடதடத்தது. டானெட் கருவியைப் பார்த்தாள், லோரீனைப் பார்த்தாள், மறுபடி கருவியைப் பார்த்தாள்.

"இது மனுஷப் பிரஷர் இல்ல கண்ணு, டிராக்டர் டயர்ல இருக்கற பிரஷர். என்ன வேலை பாக்கறீங்க?"

"ஓட்டல்ல பரிமாறறேன். அத விடுங்க, உங்ககிட்ட ஒண்ணு..."

அதற்குள் டாக்டர் நுழைந்துவிட்டார். ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஒரு வரைபடம். அடுத்த வாரம் வந்து பிரஷரை மறுபடி பார்த்துக்கொள்ளும்படி டானெட் சொல்லி அனுப்பினாள்.

பில் வந்தது. வருடத்தின் மருத்துவச் செலவில் முதல் சில ஆயிரம் டாலரை நோயாளியே கட்ட வேண்டும் என்பது அவர்கள் எடுத்திருந்த காப்பீட்டின் கருணை.

"கேட்டியா?" என்றான் டுவேன்.

"பேசவே விடல."

"எல்லாம் நீ குடிக்கற காப்பி பண்ற வேலை. அத நிறுத்து. நிதானமாப் போய் கேளு."

தினமும் ஒரு குடம் காப்பி குடிக்கிறவள் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டாம் தடவை போனபோது தலை வெடித்தது. கை ஆடிய ஆட்டத்தில் டானெட் சுற்றிய பட்டையே கழன்று விழுந்தது. அதை டாக்டர் பார்த்துவிட்டார். தலைக்கு ஒரு ஸ்கேன்.

"பிரஷரும் இன்னும் எறங்கல. அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க" என்றாள் டானெட்.

ஸ்கேனுக்கு வந்த பில்லைப் பார்த்து டுவேனுக்கே கை ஆடியது.

"தலைக்குள்ள என்ன இருந்துச்சாம்?"

"ஒண்ணுமே இல்லயாம்."

"இத நான் காசு வாங்காமயே சொல்லியிருப்பேன். சரி, அடுத்த வாட்டி வெறுங்கையோட போகாத. வயித்துக்கு எதையாவது குடுத்தா வாய் தானா தெறக்கும்."

மூன்றாம் தடவை ஓட்டலிலிருந்து செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒன்றை முழுசாக டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். டானெட் வருவதற்குள் டாக்டர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இதெல்லாம் சாப்பிடற வழக்கம் உண்டா?"

டானெட்டுக்கு லஞ்சம் என்றா சொல்ல முடியும்? "உண்டு" என்றாள் லோரீன். சர்க்கரைக்கு மூன்று விதப் பரிசோதனை. பலகாரத்தை டாக்டர் எடுத்துக்கொண்டார், நோயாளியின் நன்மைக்காக. டானெட் வழக்கம்போல், இன்னும் இறங்கவில்லை, அடுத்த வாரமும் வர வேண்டும் என்றாள்.

நான்காம் தடவை கிளம்பும்போது ஆறாயிரத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். அதற்குச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழை மாட்ட நல்ல சட்டம் வேண்டுமானால் கிடைக்கும்.

அன்று டாக்டர் ஊரில் இல்லை. டானெட் பட்டையை எடுத்தாள். லோரீன் கையை இழுத்துக்கொண்டாள்.

"கட்டாதீங்க. கட்டினா பேசக் கூடாதும்பீங்க. எனக்கு முதுகு வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க சம்பளம் எவ்வளவுன்னு கேக்கத்தான் வந்தேன். அதக் கேக்கறதுக்குள்ள படிப்புக்கு வச்சிருந்த காசெல்லாம் போச்சு."

டானெட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மணிக்குப் பதினெட்டு டாலர். டிப்ஸ் கெடயாது. பாத்ரூம் போகவும் நேரம் கெடயாது."

"இத முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்க பேசறது, டாக்டர்தான் எப்பவும் வாசல்லயே நிப்பாரே" என்ற டானெட், நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க பிரஷர் ரெண்டாவது வாரமே எறங்கிருச்சு கண்ணு. உங்க ஓட்டல்ல ஆள் எடுக்கறாங்களா, டிப்ஸ் எவ்வளவு தேறும்னு கேக்கத்தான் உங்கள வாராவாரம் வரவச்சேன்."