ஏழாவது ஃபாண்ட்

கதை எழுதுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கதைக்கு ஃபாண்ட் பார்க்கிறவர்களைத் தெரியுமா? அது தனி இனம். கரிசலில் மழை பொய்த்த வருஷத்திலும் செழித்து வளரும்.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருந்த ஆனந்திக்கு, 2001இல் அப்படி ஒருவர் வாய்த்தார். பெயர் செண்பகராஜ், கூட்டுறவுச் சங்க எழுத்தர். பதினெட்டு வருஷமாகக் கதை அனுப்பி, பதினெட்டு வருஷமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம்தான் மதுரைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், ஆண்டு மலருக்கு இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒரு கதை வேண்டுமென்று தாமே கேட்டு எழுதியிருந்தார். வேறு ஆளாக இருந்தால் கதையைத் திருத்தியிருப்பார். இவர் ஃபாண்ட் தேடக் கிளம்பினார்.

முதல் ஃபாண்ட் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்ததாம். இரண்டாவது, கருமாதிக் கடிதம். மூன்றாவது, தீப்பெட்டி லேபிள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபாண்டை மாற்றினால் அடித்ததெல்லாம் கோழி கிளறிய குப்பையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பக்கத்தையும் ஆனந்தி முதலிலிருந்து அடித்தாள். அடித்து அடித்துக் கதை அவளுக்கு மனப்பாடம்.

"அண்ணாச்சி, மூணாம் பக்கத்துல செத்துப்போன மாமியா அஞ்சாம் பக்கத்துல மோர் குடிக்காளே?"

"அது கெடக்கட்டும்மா. இந்த 'ழ'வப் பாரு, ஆட்டுக்குட்டி வாலு மாதிரி நிக்கி. ஆசிரியர் என்ன நெனப்பாரு?"

"செத்தவ எப்படிக் குடிச்சான்னு நெனப்பாரு. நானே திருத்திரட்டா?"

"என் எழுத்துல கை வைக்காத!"

மூச்சு நின்ற உடம்புக்கு வகிடெடுத்துத் தலை சீவிப் பவுடர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதே அக்கறை. நாடியை மட்டும் தொட்டுப் பார்க்கமாட்டார்கள்.

ஏழாவது ஃபாண்டில் மனம் குளிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, பக்கத்து டீக்கடைக்காரர்வரை காட்டிவிட்டு, இருபத்துநான்காம் தேதி கூரியரில் அனுப்பினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பத்தாம் நாள் கதை திரும்பி வந்தது, ஆசிரியரின் கடிதத்தோடு. உறையை அப்படியே கடைக்கு எடுத்து வந்தார். ஆனந்திதான் சத்தம் போட்டு வாசித்தாள்: "எந்த எழுத்தில் வந்தாலும் எங்கள் எழுத்தில்தான் மறுபடி அடிப்போம், கையால் எழுதியிருந்தாலே போதும். ஆனால் இறந்தவர் மோர் குடிப்பதை அச்சிட முடியாது. உங்கள் இடத்தில் வேறொரு கதையைப் போட்டுவிட்டோம்."

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. பதினெட்டு வருஷமல்லவா? செண்பகராஜ் கடிதத்தை வாங்கினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். மேலே அச்சடித்திருந்த பத்திரிகையின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"ஏம்மா, இது என்ன ஃபாண்டு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மாமியார் செத்தது எத்தனையாம் பக்கம் என்பது அதற்குள் மறந்துபோய், இந்தப் பக்கத்து 'ழ' கொஞ்சம் குட்டையோ என்று கண் ஓடியிருந்தால், பேருந்து நிலையத்துக்கு எதிரே இறங்கிக்கொள்ளுங்கள். ஆனந்தி இன்னொரு நாற்காலியும் வாங்கிப் போட்டிருக்கிறாள்.